பந்திக்கூடத்தில் பன்னிரண்டு அடி

எனக்குப் பெரிய படம் வராது என்று சொன்னவர் கெட்ட மனிதர் இல்லை. ஆழ்வார்பேட்டையில் ஓவியக் கூடம் நடத்துகிறவர். பல வருடங்களாக என் படங்களை விற்றுத் தருகிறவர். "மேடம், உங்களுக்குச் சின்ன சைஸ்தான் கை வந்தது. டிராயிங் ரூம்ல மாட்டினா அவ்ளோ அழகா இருக்கும்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நான் சின்னதாக வரைந்ததற்குக் காரணம் கை இல்லை, வீடு. மயிலாப்பூரில் எங்கள் ஃபிளாட்டின் கூடத்தில் சோபா, டிவி, என் கணவர் தொப்பையைக் குறைக்க வாங்கி இப்போது துண்டு காயப்போட மட்டும் பயன்படும் சைக்கிள், எல்லாம் போக எனக்கு மிஞ்சியது நாலடிச் சுவர். நாலடிச் சுவரில் நாலடிப் படம்தானே வரும்? இதை அவரிடம் சொன்னால் சாக்குச் சொல்வது போல இருக்கும் என்று சொல்லவில்லை.

அந்த வருடம் ஆவணியில் அவர் பலர் படங்களையும் சேர்த்து ஒரு கண்காட்சி வைப்பதாக இருந்தார். அவர் கூடத்துக்குள் நுழைந்ததும் எதிரே ஒரு பெரிய சுவர் வரும். யார் வந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். அந்தச் சுவர் எனக்கு வேண்டும் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"ஆடி கடைசி வாரம் வந்து பாக்கறேன் மேடம். படம் நின்னுதுன்னா சுவர் உங்களுது. இல்லன்னா தப்பா நினைச்சுக்காதீங்க, பக்கத்து ரூம்ல நாலு சின்னப் படம் வெச்சுக்கலாம்."

அந்தப் பக்கத்து அறை எனக்குத் தெரியும். கழிவறைக்குப் போகிறவர்கள் மட்டும் பார்க்கிற அறை அது. இத்தனை வருடம் அங்கேதான் தொங்கினேன். இந்த முறை அங்கே போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இடம் பார்க்கக் கிளம்பினேன். சைதாப்பேட்டையில் என் தம்பி மகன் கல்யாணம் நடந்த மண்டபம் நினைவுக்கு வந்தது. ஆடி மாதத்தில் கல்யாண மண்டபத்தில் ஈ காக்கா கூட இருக்காதே! மேலே மாடியில் பெரிய பந்திக்கூடம், உயரமான சுவர், நல்ல வெளிச்சம். மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"ஆடில எவன் மேடம் கல்யாணம் பண்ணுவான்? மண்டபம் சும்மா தூங்கிக்கினு கீது. நீங்க பாட்டுக்கு வரைஞ்சிக்கினு இருங்க. கரண்டு பில்ல மட்டும் பாத்துக்கோங்க, கூடத்தப் பெருக்கி வெச்சிடுங்க. ஆவணி மொத முகூர்த்தத்துக்குள்ள காலி பண்ணிட்டா போதும்."

ஆடி ஒன்றாம் தேதி, பால் காய்ச்சாத குறையாக அங்கே குடியேறினேன்.

தச்சர் ஒருவர் மூன்று பிளைவுட் பலகைகளை நிறுத்தி, பின்னால் சட்டம் அடித்து, போல்ட் போட்டு ஒன்றாக்கிக் கொடுத்தார். எட்டடி உயரம், பன்னிரண்டு அடி அகலம். அதன் முன்னால் நின்றதும் பயமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. இத்தனை நாள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தவளுக்குக் காலை நீட்டச் சொன்னது போல இருந்தது.

என்ன வரையப் போகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆடித் தள்ளுபடி நேரத்துத் தி. நகர். ரயில் நிலையத்துப் பக்கம் உள்ள நடைபாலத்தின் மேலே நின்று கீழே பார்த்திருக்கிறீர்களா? மேலிருந்து பார்த்தால் மனிதருக்கு முகம் கிடையாது. தலை, தோள், துணி, அவ்வளவுதான். கூட்டம் என்பதே துணிதான். அப்படியானால் துணியை எதற்கு வரைய வேண்டும், துணியையே ஒட்டிவிடுவோம் என்று தோன்றியது.

தையல் கடைகளில் வெட்டிப் போட்ட துண்டுத் துணி சேர்த்தேன். மயிலாப்பூரில் இரண்டு கடை, தி. நகரில் சில. மண்டபத்துக்குப் பக்கத்தில் கடைத்தெருவில் இருந்த டெய்லர் ஒருவர் மூட்டையாகவே கொடுத்தார். "எல்லாம் கட்டிங் வேஸ்ட்டும்மா, எடுத்துக்கினு போங்க" என்றார். வேஸ்ட் என்று சொன்னதில் சில துண்டுகள் முழங்கை நீளம் இருந்தன. தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

ஒட்டுவதற்கு மைதாப் பசை. சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் காய்ச்சுகிற அதே பசைதான். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம் போட வேண்டும். கடையில் வாங்குகிற வெள்ளைப் பசையில் முக்கினால் துணி பிளாஸ்டிக் மாதிரி விறைத்துப் பளபளக்கும்; மைதாவில் முக்கினால் துணி துணியாகவே இருக்கும். ஆயிரம் பேருக்குச் சாம்பார் கொதிக்கிற அடுப்பில் நான் தினமும் ஒரு வாளி பசை காய்ச்சினேன். பட்டு, பருத்தி, லைனிங், ஜரிகை ஓரம் என்று ஒவ்வொரு துண்டையும் முக்கி, உள்ளங்கையால் அழுத்தி, தோள் மாதிரி மடித்து ஒட்டினேன். தலைகளுக்குக் கறுப்பு லைனிங்கும் கரியும். கொண்டைகளில் பூச்சரம் கட்டுகிற வாழை நார். அங்கங்கே கட்டைப்பையின் கைப்பிடி, விலைச் சீட்டு.

ஒட்டி முடித்த பகுதி மேல் சாக்பீஸ் பவுடரைப் பசையில் கரைத்து வெள்ளையாகப் பூசிவிடுவேன். அவ்வளவு நிறமும் உள்ளே போய்விடும். பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியும். மேனேஜர் ஒருநாள் மேலே வந்து, "ஐயையோ, நல்லாதான மேடம் இருந்துது, ஏன் சுண்ணாம்பு அடிச்சீங்க?" என்று தலையில் கை வைத்தார். அது காய்ந்த பிறகுதான் என் வேலையே. தோசைத் திருப்பியாலும் உப்புத்தாளாலும் சுரண்டச் சுரண்ட, நான் வேண்டும் என்கிற இடத்தில் மட்டும் சிவப்பு வரும், மயில் கழுத்து நிறம் வரும். மற்றவை புழுதிக்குள் இருக்கும். தி. நகர் கூட்டத்தில் நமக்குக் கண்ணில் படுவதும் அப்படித்தான், நூறு பேரில் ஒரு மஞ்சள் புடவை.

மேலே நெருக்கியடிக்கும் கூட்டம் கீழே வர வரக் கலைந்து, அடிப்பகுதியில் வெறும் சாலையாக முடிய வேண்டும். அந்தச் சாலையோரமாக ஒரு பெரிய பெண் உருவம். கடைப் படியில் களைத்து உட்கார்ந்து, பக்கத்தில் பை. உருவம் எழுதுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனால் கரியால் கோடு மட்டும் போட்டுவிட்டு, விருந்தில் பாயசம் போலக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு குறை. பந்தி மேசைகளையெல்லாம் மடக்கி, கூடத்தின் பின்பாதி முழுக்க அடுக்கி வைத்திருந்தார்கள். பத்தடிக்கு மேல் பின்னால் போக வழியில்லை. பெரிய படம் நிற்கிறதா, எட்ட இருப்பவரையும் பிடித்து நிறுத்துகிறதா என்பது தூரத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். என் கண்ணை நம்பி வேலை செய்தேன்.

ஆடி பாதி தாண்டியிருக்கும். ஒருநாள் காலை பசை வாளியோடு ஏணியில் நிற்கிறேன், இரண்டு பெண்கள் மாடி ஏறி வந்தார்கள். ஒருவருக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு இருக்கும். கறுப்புப் புர்கா, கையில் சாவிக்கொத்து, நடையில் அதிகாரம். கூட வந்தவர் அவருடைய நாத்தனார். முன்னால் வந்தவர் கூடத்தின் நடுவில் நின்று மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாக்கா இது? வர்ற ஞாயித்துக்கெழம எங்க பொண்ணுக்கு நிக்காஹ். பொம்பளைங்க பந்தி இங்கதான். இத்த யாரு இங்க வெச்சது?"

ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. மண்டப முதலாளியே போனில் தேதி கொடுத்திருக்கிறார். மேனேஜருக்குத் தகவல் வரவில்லை. ஆனால் அவரைச் சொல்லி என்ன பயன்? ஆடியில் எவன் கல்யாணம் பண்ணுவான் என்று அவர் கேட்டபோது நானும்தானே சேர்ந்து சிரித்தேன்! பக்கத்து ஃபிளாட்டில் இருபது வருடமாக ஒரு முஸ்லிம் குடும்பம். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் போய்ச் சாப்பிட்டவள் நான். இருந்தும் ஆடி என்றால் ஊருக்கே ஆடி என்று நினைத்துவிட்டேன். கூட்டம் இல்லாத மாதம், மண்டபம் சுலபமாகக் கிடைக்கும் என்று அவர்கள் தேடிப் பிடித்த தேதி அது.

"நகத்த முடியாதுங்க. பசை ஈரமா இருக்கு. பலகையைப் பிரிச்சா துணியெல்லாம் சேர்ந்து வந்துடும்" என்றேன். பிறகு என் மனதில் இருந்த பயத்தையும் கேட்டுவிட்டேன். "படத்துல ஆளுங்க இருக்காங்க... உருவம்லாம் உங்களுக்கு ஆகாதோ?"

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உருவம் கெடக்குது உடுக்கா. நாத்தம்! கீழ வாசல்லயே அடிக்குது. பிரியாணி சாப்ட வர்றவங்க மூக்கப் பொத்திக்கினா சாப்டுவாங்க?"

உண்மைதான். புளித்த மைதாவும் ஈரத் துணியும் சேர்ந்து அப்படி ஒரு வாடை. நான் அதிலேயே ஊறிப் போனதால் எனக்குத் தெரியவில்லை. துணி கட்டி மறைத்துவிடலாமா என்று நாத்தனார் கேட்டார். "மறைச்சா உள்ள இன்னா கீதுன்னு ஆளாளுக்குத் தூக்கிப் பாப்பாங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று அந்த அம்மா முடித்துவிட்டார். என்னிடம் ஒரே நிபந்தனை. சனிக்கிழமை வந்து மோந்து பார்ப்பார். வாடை இருந்தால் பலகை மண்டபத்துப் பின்பக்கத் திறந்தவெளிக்குப் போகும்.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும். என் பிளைவுட் எந்த மூலைக்கு? மாலையானால் மழை வேறு. வெளியே போனால் படம் செத்தது, சுவர் போயிற்று, நான் கழிவறைப் பக்கத்து அறைக்குத் திரும்ப வேண்டியதுதான். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை. அழுகை வந்தது. அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு எல்லா ஜன்னல்களையும் திறந்தேன்.

இனிமேல் ஒரு துண்டு கூட ஒட்ட முடியாது. ஒட்டினால் ஈரம், ஈரம் என்றால் வாடை. மண்டபத்தில் இருந்த மின்விசிறிகளையெல்லாம் படத்தின் பக்கம் திருப்பினேன். மறுநாள் அந்த அம்மா வீட்டிலிருந்து தணலும் சாம்பிராணியும் வந்தன. வேகமாகக் காய்ந்ததில் வெள்ளைப் பூச்சு அங்கங்கே வெடித்தது. மருந்துக் கடையில் ஊசி வாங்கி வந்து, ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் வெள்ளைப் பசை ஏற்றி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன். நர்ஸ் வேலை. உருவத்தைத் தொட நேரமே இல்லை. சாலையில் அவள் வெறும் கரிக்கோடாகவே உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை அந்த அம்மா வந்தார். படத்துக்கு அருகில் மூக்கைக் கொண்டுபோய் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மோந்தார். இவ்வளவு கவனமாக என் படத்தை அதுவரை யாரும் பரிசோதித்தது கிடையாது.

"சாம்பிராணி வாசம்தான் வருது. இருக்கட்டும். நாளைக்கு நீங்களும் வந்துடுங்கக்கா. சாப்ட்ட மாதிரியும் ஆச்சு, உங்க படத்தப் பாத்துக்கினா மாதிரியும் ஆச்சு."

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். மேசைகளை விரித்துக் கூடம் முழுக்கப் போட்டிருந்தார்கள். படத்துக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் இடைவெளி விட்டிருந்தார்கள். முதல் பந்தியில் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிரியாணி அப்படி. ஒரு பக்கம் நிம்மதி. மறுபக்கம், இவ்வளவு பெரிய படத்தை ஒருத்தி கூடவா பார்க்கவில்லை என்று கோபமும் வந்தது.

இரண்டாவது பந்தியில் ஒரு கல்லூரிப் பெண் சோற்றுக் கையோடு எழுந்தாள். நேராகப் படத்துக்குக் கிட்டே போனாள்.

"ம்மா! இங்க வந்து பாரு, இது என் பிளவுஸ் துணி!"

அவள் அம்மா வந்தார். பார்த்தார். ரத்தச் சிவப்பில் ஜரிகைப் புள்ளி. பெண் போட்டிருந்ததும் அதேதான்.

"துணி பத்தலம்மான்னு சொல்லி கையக் கொறச்சுத் தெச்சானே அந்த டெய்லர்! இங்க பாருடி, இம்மாந் துண்டு ஒட்டிக்கினு கீது!"

அவ்வளவுதான். பந்தி எழுந்தது. கல்யாணத்துக்கு வந்த பாதிப் பேர் எனக்கு மூட்டை கொடுத்த அந்தக் கடைத்தெரு டெய்லரிடம்தான் தைத்திருக்கிறார்கள் போலும். "பச்சை என்னுது," "இது எங்க அண்ணியோட சுடிதார்," "லைனிங் பத்தாதுன்னு என்னாண்ட இன்னொரு மீட்டர் வாங்கினான்க்கா" என்று படம் முழுக்கத் தேடினார்கள். டெய்லர் கீழே ஆண்கள் பந்தியில் எலும்பு கடித்துக்கொண்டிருப்பதாக யாரோ சொன்னார்கள். அவரைக் கூப்பிட்டு வர இருவர் படி இறங்கினார்கள். அவர் கை கழுவாமலே கிளம்பிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தக் கல்லூரிப் பெண் எண்ணெய் விரலால் தன் சிவப்புத் துண்டைத் தொட்டுத் தடவினாள். நான் பொறுக்க மாட்டாமல் கத்திவிட்டேன். "தொடாதீங்க!" எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மணப்பெண்ணின் அம்மா என் பக்கத்தில் வந்தார். கோபப்படவில்லை.

"அவ துணிதானேக்கா" என்றார்.

தட்டை எடுத்துக்கொண்டு கூடத்தின் கடைசிக்கு, கை கழுவும் தொட்டிப் பக்கம் போய் நின்றேன். இத்தனை நாளில் அவ்வளவு தூரத்திலிருந்து நான் அதைப் பார்த்ததே இல்லை.

மேலே என் கூட்டம். அதன் கீழே, வெறும் சாலையை மறைத்துக்கொண்டு, இந்தப் பெண்கள். எனக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள், தலை, தோள், துணி. எங்கே பலகை முடிகிறது, எங்கே ஆள் தொடங்குகிறது என்று ஒரு கணம் பிரித்துப் பார்க்க முடியவில்லை. படம் நின்றது. அந்தக் கோடியிலிருந்து என்னைப் பிடித்து இழுத்தது. நான் பெரியதாக வரையக் கூடியவள் என்று எனக்கு எப்போதும் தெரியும். அன்று அதைக் கண்ணால் பார்த்தேன். சந்தோஷத்தில் தட்டில் இருந்த பிரியாணி ஆறிப்போனது. பிறகு இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

திங்கள்கிழமை முதல் வேலையாக அந்த எண்ணெய் விரல் அடையாளத்தைத் துடைத்தேன். நான் ஒன்றும் மகான் இல்லை, எண்ணெய் ஊறினால் கறை வரும். பிறகு கரித்துண்டை எடுத்துக்கொண்டு சாலைக்கு முன் உட்கார்ந்தேன். ஆடி முடிய இன்னும் நாள் இருந்தது. அந்தப் பெண்ணை நான் கண்ணை மூடிக்கொண்டே எழுதிவிடுவேன். களைத்த தோள், மடியில் கை, பார்க்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். அதுதான் உறுத்தியது. அவள் அங்கே உட்கார்ந்தால் எல்லோரும் அவளை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். டிராயிங் ரூமில் மாட்ட ஏற்ற சின்னப் படம் ஒன்று பன்னிரண்டு அடிக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கும்.

ஈரத் துணியை எடுத்து அவளை அழித்தேன். சாக்பீஸ் பவுடரில் சாம்பல் கலந்து சாலையை ஒரே பூச்சாகப் பூசி, மூலையில் கையெழுத்துப் போட்டேன்.

ஓவியக் கூடக்காரர் சொன்னபடி கடைசி வாரம் வந்தார். அதற்குள் மேசைகளை மறுபடி மடக்கி அடுக்கப் பார்த்த மேனேஜரிடம், ஆவணி வரை சுவரோரமாக வைக்கச் சொல்லியிருந்தேன். வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு படத்துக்கு முன் நீண்ட நேரம் நின்றார்.

"மேல எல்லாம் பிரமாதம் மேடம். கீழதான் காலியா இருக்கு. ஒரு ஆள் வேணாமா அங்க? உருவம்தானே உங்க பலம்?"

"ஆள் இருந்தாங்க சார்" என்றேன். "சாப்ட்டுட்டுப் போய்ட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை. ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்து, கை கழுவும் தொட்டி முதுகில் இடிக்கும் வரை போனார். அங்கேயே நின்றார். பிறகு போனை எடுத்துத் தன் ஓவியக் கூடத்து ஆளைக் கூப்பிட்டார். நுழைந்ததும் எதிரே வரும் அந்தப் பெரிய சுவரில் இருக்கிற ஆணிகளையெல்லாம் பிடுங்கிவிட்டு வெள்ளையடிக்கச் சொன்னார்.